புதிதாகக் குழுத்தலைவர் ஆனவர்களுக்கு: பணியிட மாற்றத்தை நடத்திச் செல்லும் வழிகள்

நேற்றுவரை பக்கத்து மேஜையில் இருந்தவர்கள் இன்று உங்களிடம் விடுப்பு கேட்கிறார்கள். அந்த உறவு பழகுவதற்குள் மேலிடத்திலிருந்து தகவல் வருகிறது: அடுத்த மாதம் முதல் புதிய மென்பொருள், அல்லது இரண்டு பிரிவுகள் ஒன்றாகின்றன, அல்லது ஷிப்ட் நேரம் மாறுகிறது. குழுவிடம் சொல்லி அதை நடைமுறைக்குக் கொண்டுவருவது உங்கள் பொறுப்பு. தலைமைக்குப் புதிதாக வரும் பலருக்கும் முதல் சோதனை இந்த வடிவில்தான் வருகிறது.

ஐந்து பேரையோ பதினைந்து பேரையோ வைத்து வேலையை நடத்த வேண்டியவரை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தலைவராக வளர்வதும் மாற்றத்தை நடத்திச் செல்வதும் ஒரே பயிற்சி. பதவி உயர்வு என்பதே உங்களுக்கு நேர்ந்த மாற்றம்தான். அதற்காக எதையெல்லாம் கைவிட நேர்ந்தது, அது எவ்வளவு உறுத்தியது என்பதைக் கவனித்தவரால்தான் அடுத்தவரிடம் "பழைய முறையை விடுங்கள்" என்று மனமறிந்து சொல்ல முடியும்.

முதல் படி: பழைய வேலையிலிருந்து கையை எடுங்கள்

வேலையில் கெட்டிக்காரர் என்பதால்தான் உங்களைத் தலைவர் ஆக்கியிருப்பார்கள். சிக்கலும் அங்கேதான் தொடங்குகிறது. நெருக்கடி வந்தால் கை தானாகப் பழைய வேலைக்குப் போகும். அதில் உங்களுக்குத் தேர்ச்சி இருக்கிறது, செய்து முடித்தால் மனநிறைவும் கிடைக்கிறது. தலைமை வேலையில் அந்த நிறைவு உடனே கிடைக்காது. ஒரு நாள் முழுவதும் பேசிக்கொண்டே இருந்துவிட்டு, மாலையில் "இன்று என்ன செய்தேன்" என்று யோசிக்க வேண்டியிருக்கும். பழகும் வரை இந்த வெறுமை இருக்கத்தான் செய்யும்.

கடந்த இரண்டு வாரங்களில் நீங்கள் செய்த வேலைகள் அனைத்தையும் ஒரு தாளில் எழுதுங்கள். பதவியின் காரணமாக நீங்கள் மட்டுமே செய்ய வேண்டியவை எவை, இன்னொருவர் கற்றுக்கொண்டால் செய்யக்கூடியவை எவை, ஏற்கனவே வேறொருவருக்குத் தெரிந்திருந்தும் நீங்கள் பிடித்து வைத்திருப்பவை எவை என்று குறியிடுங்கள். மூன்றாம் வகையை இந்த வாரமே ஒப்படைத்துவிடலாம்.

ஒப்படைக்கும்போது "இதைப் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று மட்டும் சொன்னால் போதாது. முடிந்த வேலை எப்படி இருக்க வேண்டும், எந்தத் தேதிக்குள் வேண்டும், எந்த முடிவுகளை அவரே எடுக்கலாம், எந்தக் கட்டத்தில் உங்களைக் கேட்க வேண்டும் என்பவை பேசப்பட வேண்டும். மூன்றாவதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். அதைச் சொல்லாவிட்டால் வேலை கைமாறும், அதிகாரம் உங்களிடமே தங்கிவிடும். அவரும் ஒவ்வொரு சிறு விஷயத்துக்கும் உங்கள் வாசலில் வந்து நிற்பார். முதல் சில முறை அவர் உங்களைவிட மெதுவாகத்தான் செய்வார். அப்போது வேலையைத் திரும்பப் பிடுங்கிக்கொண்டால், அவர் அடுத்த முறை எதையும் மனதார ஏற்றுக்கொள்ள மாட்டார்.

நண்பர்களாக இருந்தவர்களுக்கே தலைவராகியிருந்தால், ஒவ்வொருவரிடமும் தனியாகப் பேசுங்கள். எது மாறாது, எது மாறும் என்பதை வெளிப்படையாகச் சொல்லுங்கள். அவரும் அந்தப் பதவிக்கு ஆசைப்பட்டவர் என்றால் அதையும் மறைக்காமல் பேசுவது நல்லது.

இரண்டாம் படி: அறிவிக்கும் முன் கேளுங்கள்

மேலிடத்திலிருந்து வந்த செய்தியை அப்படியே குழுவுக்குக் கடத்தாதீர்கள். முதலில் உங்கள் மேலதிகாரியிடம் போய் உட்காருங்கள். இந்த மாற்றம் ஏன், ஏன் இப்போது? யாருடைய வேலை, நேரம், பொறுப்பு மாறும்? ஊதியமோ பணியிடமோ பாதிக்கப்படுமா? எது முடிவாகிவிட்டது, எதை நாங்கள் தீர்மானிக்கலாம்? இந்தக் கடைசிக் கேள்வியைத் தவறாமல் கேளுங்கள். நான்காம் படி முழுவதும் அதற்குக் கிடைக்கும் பதிலை நம்பித்தான் இருக்கிறது.

மாற்றம் தவறானது என்று தோன்றினால் அதைச் சொல்ல வேண்டிய இடமும் இந்த அறைதான். "இந்தத் தேதி சரிவராது, காரணம் இது" என்று ஆதாரத்துடன் சொல்லுங்கள். நீங்கள் வாதாடியும் முடிவு மாறவில்லை என்றால், குழுவின் முன்னால் "எனக்கும் பிடிக்கவில்லைதான், மேலிடம் சொல்லிவிட்டது, என்ன செய்ய" என்று பேசாதீர்கள். அந்த நேரத்தில் அது நட்பாகத் தெரியும். ஆனால், தன் தலைவருக்கே நம்பிக்கை இல்லாத ஒன்றுக்காக யார் மெனக்கெடுவார்கள்? பொய்யாக உற்சாகம் காட்டவும் வேண்டாம். "இதில் எனக்குச் சில கவலைகள் இருந்தன, மேலே தெரிவித்தேன். முடிவு இதுதான். நம் வேலை கெடாமல் இதை எப்படிச் செய்வது என்று பார்ப்போம்" என்றால் போதும். உண்மையும் இருக்கிறது, பொறுப்பும் இருக்கிறது.

மூன்றாம் படி: யார் எதை இழக்கிறார்கள் என்று எழுதுங்கள்

அமெரிக்க ஆலோசகர் வில்லியம் பிரிட்ஜஸ் வலியுறுத்திய ஒரு வேறுபாடு இங்கே உதவும். மாற்றம் வெளியே நடப்பது. ஒரு தேதியில் நடந்து முடிந்துவிடும். அதற்கேற்ப மனிதர் உள்ளுக்குள் நகர்வது வேறு. அதற்குக் காலம் பிடிக்கும். அந்த உள்நகர்வு ஒரு முடிவில்தான் தொடங்குகிறது, அதாவது பழையதை விடுவதில். தலைவர்கள் புதியதன் நன்மைகளைப் பட்டியல் போடுகிறார்கள். எதிரே உட்கார்ந்திருப்பவரோ தன்னைவிட்டுப் போகப்போவதை எண்ணிக்கொண்டிருக்கிறார்.

ஒரு குழுவைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். அதன் மாதாந்தரக் கணக்கு முழுவதும் ஓர் எக்செல் கோப்பில் இருக்கிறது. அதைப் பல ஆண்டுகளாக வளர்த்தவர் குழுவின் மூத்த ஊழியர். எந்தக் கலத்தில் எந்தச் சூத்திரம் இருக்கிறது, எந்த வரிசையைத் தொடக் கூடாது, மார்ச் மாதத்தில் மட்டும் எதைக் கையால் திருத்த வேண்டும் என்பதெல்லாம் அவருக்கு மட்டுமே தெரியும். எண்கள் பொருந்தவில்லை என்றால் எல்லோரும் அவர் மேஜைக்குத்தான் போவார்கள். இப்போது அந்தக் கோப்புக்குப் பதில் ஒரு மென்பொருள் வருகிறது. குழுவுக்கு இது வசதி. அவருக்கோ, ஊழியர்கள் தேடிவந்த இடம் ஒரே நாளில் காலியாகிறது.

அவர் கூட்டத்தில் "எனக்கு மரியாதை போய்விடும்" என்று சொல்ல மாட்டார். "இந்த மென்பொருளில் மார்ச் மாதத் திருத்தம் வராதே" என்றுதான் சொல்வார். நீங்கள் அந்தத் தொழில்நுட்பக் கேள்விக்கு மட்டும் பதில் சொன்னால், அவர் அடுத்த குறையைக் கொண்டுவருவார்.

அவரிடம் அறிவிப்புக்கு முன்பே தனியாகப் பேசலாம்.

"சார், இந்தக் கோப்பு இல்லையென்றால் இத்தனை ஆண்டுகள் நம் கணக்கு நேராக நின்றிருக்காது. அது எனக்குத் தெரியும். அடுத்த மாதம் மென்பொருளுக்கு மாறச் சொல்லியிருக்கிறார்கள். கூட்டத்தில் சொல்வதற்கு முன் உங்களிடம் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன்."

"அப்படியானால் இத்தனை நாள் செய்ததெல்லாம்?"

"உங்களுக்குத் தெரிந்த விதிவிலக்குகளை எழுதி வாங்காமல் மாறினால் முதல் மாதமே கணக்கு இடிக்கும். அந்தப் பட்டியலை நீங்கள் தயாரித்துக் கொடுக்க முடியுமா? மென்பொருள்காரர்களுடன் பேசும்போது நீங்களும் உடன் இருக்க வேண்டும்."

இதில் முகஸ்துதி எதுவும் இல்லை. விதிவிலக்குகள் அவருக்குத் தெரியும் என்பதும் அவை இல்லாமல் மாற முடியாது என்பதும் உண்மை. அவருடைய அறிவு புதிய முறையிலும் பயன்படும் ஓர் இடத்தைக் காட்டியிருக்கிறீர்கள். அப்படி ஓர் இடம் இல்லையென்றால் பொய்யாக உண்டாக்காதீர்கள். இழப்பை இழப்பு என்றே ஒப்புக்கொள்வது அவருக்கு நீங்கள் செய்யும் மரியாதை.

இப்படி ஒவ்வொருவர் பெயருக்கும் எதிரே ஒரு வரி எழுதுங்கள்: இவருக்கு என்ன போகிறது? நேரமா, தேர்ச்சியா, பக்கத்தில் இருந்த நண்பரா, அடுத்த பதவி பற்றிய எதிர்பார்ப்பா? பெயருக்கு எதிரே எழுத எதுவும் தோன்றவில்லை என்றால், அவரிடம் நீங்கள் இன்னும் பேசவில்லை என்று பொருள்.

நான்காம் படி: முடிவுகளில் பங்கு கொடுங்கள்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு படியை மட்டும் எடுத்துக்கொள்வதாக இருந்தால் இதை எடுத்துக்கொள்ளுங்கள். இதற்குப் பழைய, தெளிவான ஒரு சான்று இருக்கிறது.

அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் ஹார்வுட் என்ற பைஜாமா தயாரிப்பு ஆலை இருந்தது. அங்கே வேலைமுறை மாறும்போதெல்லாம் உற்பத்தி விழுந்தது, ஆட்கள் வேலையை விட்டுப் போனார்கள். லெஸ்டர் கோச், ஜான் ஃபிரெஞ்ச் இருவரும் அதை ஆராய்ந்து 1948இல் முடிவுகளை வெளியிட்டார்கள். ஒரு குழுவினர் துணிக்கு இஸ்திரி போடுபவர்கள். முடித்த துணிகளை அரை டஜன் அரை டஜனாக ஓர் அட்டையின் மீது அடுக்கிவந்தார்கள். இனி அட்டைக்குப் பதிலாகப் பெட்டியில் அடுக்க வேண்டும், அவ்வளவுதான். பெட்டி இருந்த இடமும் அதே இடம். கூடுதல் வேலைக்காக டஜனுக்கு இரண்டு நிமிடங்கள் சேர்த்துக் கொடுத்தார்கள். கூட்டம் கூட்டிக் காரணம் சொன்னார்கள், புதிய கூலி விகிதத்தை விளக்கினார்கள், கேள்விகளுக்கும் பதில் சொன்னார்கள். பல அலுவலகங்களில் இன்று நடப்பதைவிட இது மேல். ஆனாலும் அந்தக் குழுவின் உற்பத்தி விழுந்தது, எழவில்லை. முதல் 40 நாட்களுக்குள் 17 சதவீதம் பேர் வேலையை விட்டுவிட்டார்கள்.

மற்ற குழுக்களிடம் வேறு விதமாகப் போனார்கள். பார்வைக்கு ஒரே மாதிரி இருந்த இரண்டு ஆடைகளைக் காட்டினார்கள். ஒன்று 1946இல் தயாரானது, மற்றொன்று 1947இல். முந்தையது இரண்டு மடங்கு விலைக்கு விற்றிருந்தது. எது மலிவானது என்று கேட்டபோது யாராலும் சொல்ல முடியவில்லை. செலவைக் குறைக்க வேண்டிய கட்டாயம் கண்ணெதிரே தெரிந்தது. அதன்பின் புதிய வேலைமுறையை வடிவமைப்பதில் தொழிலாளர்களையே சேர்த்துக்கொண்டார்கள். எல்லோரும் நேரடியாகப் பங்கேற்ற குழுக்கள் விரைவில் மீண்டு, பழைய அளவைவிட ஏறக்குறைய 14 சதவீதம் அதிகமாக உற்பத்தி செய்தன. அந்த 40 நாட்களில் அங்கே யாரும் வேலையை விடவில்லை. சில மாதங்கள் கழித்து, முதல் குழுவில் எஞ்சியிருந்தவர்களையும் இதே பங்கேற்பு முறையில் இன்னொரு வேலைக்கு மாற்றிப் பார்த்தார்கள். அவர்களும் வேகமாக மீண்டார்கள். மனிதர்கள் அதே மனிதர்கள்தான். அவர்களை நடத்திய முறைதான் வேறு.

ஆகவே "எதை நாங்கள் தீர்மானிக்கலாம்" என்று மேலதிகாரியிடம் கேட்டு வாங்கிய பகுதியை முழுதாகக் குழுவிடம் கொடுங்கள். எந்தப் பணியை முதலில் மாற்றுவது, யார் முதலில் பயிற்சி எடுப்பது, பழைய கோப்புகளை எந்த நாளில் மூடுவது போன்றவை அவர்கள் தீர்மானிக்கக்கூடியவை. ஏற்கனவே முடிவான ஒன்றைப் பற்றிக் கருத்துக் கேட்பதுபோல நடிக்க வேண்டாம். அது இரண்டே கூட்டங்களில் தெரிந்துவிடும், பிறகு யாரும் வாய் திறக்க மாட்டார்கள்.

கூட்டத்தை நடத்த ஒரு நல்ல உத்தி இருக்கிறது. உளவியலாளர் கேரி கிளைன் பரிந்துரைத்தது. "ஆறு மாதம் கழிந்துவிட்டது, இந்த மாற்றம் படுதோல்வி அடைந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். என்ன நடந்திருக்கும்? ஆளுக்கொரு தாளில் எழுதுங்கள்" என்று சொல்லுங்கள். "ஏதாவது ஆட்சேபம் உண்டா" என்று கேட்டால் அமைதியாக இருப்பவர்கள்கூட இதற்கு எழுதுவார்கள். குறை சொல்வது இங்கே கேட்கப்பட்ட வேலையாகிவிடுகிறது. வந்த காரணங்களில் உங்களால் சரிசெய்யக்கூடியவற்றுக்கு ஆளும் தேதியும் குறியுங்கள்.

ஐந்தாம் படி: அறிவிக்கும் நாள்

அதிகம் பாதிக்கப்படுபவர்களுக்கு முதலில், தனியாக. மற்றவர்களுக்கு அதே நாளில், சேர்ந்து. இடைவெளி விட்டால் அந்த இடைவெளியை வதந்தி நிரப்பும். வாரக் கடைசி மாலையில் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போகாதீர்கள். அடுத்த நாள் வந்து கேட்க உங்கள் இருக்கையில் ஆள் இருக்க வேண்டும். தெரிந்தது, தெரியாதது, தெரியாதது எப்போது தெரியும் என்ற மூன்றையும் சொல்லுங்கள். "ஷிப்ட் பட்டியல் இன்னும் முடிவாகவில்லை. வரும் புதன்கிழமை சொல்கிறேன்" என்றால், புதன்கிழமை சொல்ல எதுவும் இல்லாவிட்டாலும் வந்து அதையாவது சொல்லுங்கள். பேசியதை அன்றே சுருக்கமாக மின்னஞ்சலில் அனுப்பிவிடுங்கள். பதற்றத்தில் இருப்பவர் காதில் பாதிதான் விழும்.

ஆறாம் படி: சரிவைத் தாங்கிக்கொள்ளுங்கள்

புதிய முறை தொடங்கியதும் வேலை மெதுவாகும். தவறுகள் கூடும். நேற்றுவரை கண்ணை மூடிக்கொண்டு செய்தவர் இன்று ஒவ்வொரு பொத்தானையும் தேடுகிறார். இது எதிர்பார்க்க வேண்டிய சரிவு. இதை முன்கூட்டியே மேலதிகாரியிடம் சொல்லி, அந்தக் காலத்துக்கு இலக்கைக் குறைத்து வாங்குவது உங்கள் கடமை. இலக்கு பழையபடியே இருந்தால், நெருக்கடி வந்ததும் எல்லோரும் சத்தமில்லாமல் பழைய கோப்புக்குத் திரும்பிவிடுவார்கள்.

சரிவின்போது கூட்டத்துக்கு மேல் கூட்டம் போட்டு உந்தத் தோன்றும். சமூக உளவியலாளர் குர்ட் லெவின் இதற்கு மாற்றாக ஒன்றைச் சொன்னார். முன்னே தள்ளும் விசைகளும் பின்னே இழுக்கும் விசைகளும் சமமாக நிற்பதால்தான் ஒரு நிலை நீடிக்கிறது. தள்ளுவதை மட்டும் கூட்டினால் இறுக்கம் கூடும், இழுப்பதைக் குறைத்தால் இறுக்கம் இல்லாமலே நகரும். எனவே காலையில் பத்து நிமிடம் நின்றபடியே ஒரு கேள்வி கேளுங்கள்: "நேற்று எது தடுத்தது?" கடவுச்சொல் கிடைக்கவில்லை, அனுமதி வரவில்லை, அச்சுப் படிவம் பழையதாக இருக்கிறது என்று சின்னச்சின்ன விஷயங்கள் வரும். அவற்றை அன்று மாலைக்குள் தீர்த்து வையுங்கள். புதிய தலைவர் மீதான நம்பிக்கை பெரும்பாலும் இப்படிப்பட்ட தீர்வுகளால்தான் வளர்கிறது.

தவறுகளைப் பற்றி ஒன்று. ஆராய்ச்சியாளர் ஏமி எட்மண்ட்சன் 1990களில் மருத்துவமனைப் பிரிவுகளில் மருந்து கொடுப்பதில் நேரும் பிழைகளை ஆராய்ந்தார். நன்றாக இயங்கும் பிரிவுகளில் பிழை குறைவாக இருக்கும் என்றுதான் எதிர்பார்த்தார். பதிவான பிழைகளோ அங்கேதான் அதிகமாக இருந்தன. அங்கே பிழையை வெளியே சொல்ல அச்சம் இல்லை என்பதே அதற்கான விளக்கம். உங்கள் குழுவிலும் புதிய முறை தொடங்கிய இரண்டாம் வாரத்தில் ஒரு பிழையும் காதுக்கு வரவில்லை என்றால் மகிழ்ந்துவிடாதீர்கள். முதல் ஆள் வந்து "தவறாகப் பதிவு செய்துவிட்டேன்" என்று சொல்லும்போது உங்கள் முகம் எப்படி இருக்கிறது என்பதை மொத்தக் குழுவும் பார்த்துக்கொண்டிருக்கும். "சொன்னதற்கு நன்றி. எந்தத் திரையில் நடந்தது, காட்டுங்கள்" என்று தொடங்குங்கள்.

பழைய முறையும் புதிய முறையும் சில நாட்கள் சேர்ந்தே ஓட வேண்டியிருக்கலாம். ஒரே விவரத்தை இரண்டு இடத்தில் பதிவது ஆளைக் களைப்பாக்கும். அதற்கு ஒரு முடிவு தேதி வைத்து, அதைத் தள்ளிப்போடாமல் இருங்கள்.

ஏழாம் படி: ஒருவர் மட்டும் நகர மறுத்தால்

அவரைச் சண்டைக்காரர் என்று முடிவு கட்டும் முன் காரணத்தைப் பிரித்துப் பாருங்கள். செய்யத் தெரியாமல் இருக்கலாம். வயதில் மூத்தவர்கள் இளையவர்கள் முன்னால் கேட்கக் கூச்சப்பட்டு எதிர்ப்பாகக் காட்டுவதுண்டு. அதற்குத் தனிப் பயிற்சி போதும். அவர் சொல்வது சரியாகவே இருக்கலாம். வேலையின் அடிமட்டத்தில் இருப்பவருக்குத் தெரியும் ஓட்டை உங்களுக்குத் தெரியாமல் போயிருக்கும். அவருடைய குறையை எழுதி வாங்கிச் சோதித்துப் பாருங்கள். சரி என்றால் குழுவின் முன்னால் அவர் பெயரைச் சொல்லித் திருத்துங்கள். தெரிந்தும், கேட்கப்பட்டும், உதவி கிடைத்தும் செய்ய மாட்டேன் என்பவர் மிகச் சிலர். அவரிடம் என்ன எதிர்பார்க்கிறீர்கள், எந்தத் தேதிக்குள், நடக்காவிட்டால் என்ன ஆகும் என்பதைத் தனியாக, குரல் உயர்த்தாமல், தெளிவாகச் சொல்லுங்கள். இந்தப் பேச்சைத் தள்ளிப்போட்டால் அதன் விலையை, ஒழுங்காக மாறிய மற்றவர்கள் கூடுதல் வேலையாகச் செலுத்துவார்கள்.

எட்டாம் படி: ஒரு மாதம் கழித்து

ஒவ்வொருவருடனும் அரை மணி நேரம் தனியாக உட்காருங்கள். புதிய முறையில் எது உதவுகிறது, எது இன்னும் இடிக்கிறது, நான் எதை வேறு விதமாகச் செய்திருக்கலாம் என்று கேளுங்கள். மூன்றாம் கேள்விக்கு முதலில் "ஒன்றுமில்லை" என்றுதான் பதில் வரும். சற்றுப் பொறுத்திருந்தால் பேச்சு வரும். வந்ததை மறுக்காமல் எழுதிக்கொள்ளுங்கள். அதில் ஒன்றையாவது அடுத்த வாரமே நடைமுறையில் காட்டுங்கள். அப்போதுதான் அடுத்த முறையும் சொல்வார்கள்.

கிடைத்த விவரங்கள் மாற்றத்துக்கு எதிராக இருந்தால் மேலிடத்துக்கு அதையும் எடுத்துச் செல்லுங்கள். எந்தப் பணிக்கு முன்பு எவ்வளவு நேரம் ஆனது, இப்போது எவ்வளவு ஆகிறது என்று எண்களோடு போனால் கேட்பார்கள். இதற்காகவே மாற்றம் தொடங்குவதற்கு முந்தைய வாரத்தில் பழைய முறையின் நேரத்தையும் பிழைகளையும் குறித்து வைத்திருக்க வேண்டும்; பிறகு நினைவிலிருந்து எழுத முடியாது.

கடைசியாக, இந்த ஒரு மாதத்தில் மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தவர் யார் என்று கவனித்திருப்பீர்கள். அடுத்த மாற்றத்துக்கான முதல் பேச்சுக்கு உங்கள் மேலதிகாரியின் அறைக்குப் போகும்போது அவரையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். கேள்விகளை அவர் கேட்கட்டும்.